21 அடி ஸ்டெர்ன்டிரைவ் படகு: மரீனாவில் கட்டுவதா, டிரெய்லரில் வைப்பதா?

புதுப்படகு:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலைமை.

பழைய படகு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 21 அடி, ஃபைபர் கிளாஸ், முன்பக்கமும் உட்கார இடம் உள்ள மாடல். 4.3 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் படகுக்குள், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்பக்கம் வெளியே). விற்கிறவர் டிரெய்லரையும் சேர்த்தே தருகிறார். இரட்டை அச்சு, கால்வனைஸ் செய்தது. படகின் அகலம் 2.5 மீட்டருக்குள் அடங்குகிறது. வாடகைப் படகு ஓட்டிப் பழக்கம் உண்டு, சொந்தப் படகு இதுதான் முதல் தடவை.

எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். கழிமுகத்தில் உள்ள மரீனாவில், அதாவது படகுத்துறையில், ஒரு ஸ்லிப் (படகு கட்டும் இடம்) காலியாகிறது. உப்பு நீர், ஏற்ற வற்றம் உண்டு. மிதக்கும் மேடை, கரண்ட், குழாய்த் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. ஆனால் வருட ஒப்பந்தம்தான் போடுவார்களாம். அது வேண்டாமென்றால் வீட்டுப் பக்கவாட்டில் டிரெய்லரோடு நிறுத்திக்கொள்ள இடம் இருக்கிறது. படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவான ராம்ப் முக்கால் மணி நேர ஓட்டம்.

என் வண்டியின் இழுக்கும் திறன் 2,000 கிலோ. படகின் எடை பிரோஷரில் 1,450 கிலோ என்று போட்டிருக்கிறது. ஆக, இழுப்பதில் சிக்கல் வராது என்று நினைக்கிறேன்.

பெரும்பாலும் வார இறுதியில் குடும்பத்தோடு போவோம். முடிந்தால் வேலை முடிந்த சாயங்காலங்களிலும். இடையில் வேலை விஷயமாக வெளியே போனால் மூன்று நான்கு வாரம் படகுப் பக்கமே வர முடியாது.

தண்ணீரிலேயே கட்டினால் படகு கெட்டுவிடும் என்கிறார் ஒருவர். டிரெய்லரில் வைத்தால் நீ ஓட்டவே மாட்டாய் என்கிறார் இன்னொருவர். இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மாலைக்காற்று:

அண்ணே, யோசிக்காம ஸ்லிப்பப் பிடிங்க. விட்டா அடுத்த ஆள் எடுத்துடுவான், அப்புறம் காத்திருப்போர் பட்டியல்ல பேரை எழுதிட்டு வருஷக்கணக்கா உக்காந்திருக்கணும்.

நானும் முதல்ல டிரெய்லர்லதான் வெச்சிருந்தேன். கொக்கி மாட்டு, லைட் எரியுதான்னு பாரு, ராம்ப்ல வரிசைல நில்லு, எறக்கு, வண்டியக் கொண்டு போய் நிறுத்து. திரும்பி வந்ததும் அதே கூத்து தலைகீழா. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து கழுவணும். ரெண்டு மணி நேரம் தண்ணில இருக்கறதுக்கு ரெண்டரை மணி நேர வேலை. சனிக்கிழமைன்னா சரி. புதன்கிழமை சாயங்காலம் எவன் செய்வான்?

இப்ப ஆபீஸ் முடிஞ்சு நேரா மேடைக்கு வரேன், கவரைக் கழட்டறேன், கயித்த அவுக்கறேன், கிளம்பறேன். பசங்க பாதி வீட்டுப்பாடத்தோட வந்து ஏறிக்கறாங்க. மிதக்கும் மேடைன்னா இன்னும் நல்லது. தண்ணி ஏறினாலும் வத்தினாலும் மேடையும் கூடவே ஏறி எறங்கும், கயித்த மாத்தி மாத்திக் கட்டற வேலை கிடையாது. காத்து அடிச்சா பாத்துக்க அக்கம்பக்கத்துப் படகுக்காரங்களும் இருக்காங்க.

வாடகை உறைக்கும்தான், இல்லன்னு சொல்லல. ஒண்ணு கவனிங்க: வெறும் 21 அடிக்கு மட்டும் கணக்குப் போட மாட்டாங்க. பின்னாடி நீந்த எறங்கற பலகை, முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற கம்பி எல்லாத்தையும் சேத்து அளப்பாங்க. ஸ்லிப் படகைவிட நீளமா இருந்தா ஸ்லிப்போட நீளத்துக்கே வாடகை கேக்கற எடமும் உண்டு. ஒப்பந்தத்துல அதை முதல்ல பாத்துடுங்க.

கிரீஸ்கை:

மாலைக்காற்று சொன்னது அவர் படகுக்கு முழுக்கப் பொருந்தும். பழைய பதிவுகளில் படம் பார்த்திருக்கிறேன், அவருடையது அவுட்போர்டு, மொத்த எஞ்சினும் படகுக்கு வெளியே பின்னால் மாட்டியிருப்பது. கட்டிவிட்டுக் கிளம்பும்போது பட்டனை அமுக்கினால் எஞ்சின் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். உங்களுடையது ஸ்டெர்ன்டிரைவ். அது வராது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய வித்தியாசம் இதுதான்.

படகு எஞ்சின் வேலைதான் எனக்குப் பிழைப்பு. உப்பு நீர் ஸ்லிப்பிலிருந்து வரும் ஸ்டெர்ன்டிரைவ்களைக் கழற்றிக் கழற்றியே எனக்கு ஒரு பக்கச் சாய்வு வந்துவிட்டது. அதைக் கழித்துக்கொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்கு உள்ளே, டிரைவ் வெளியே. இரண்டையும் இணைக்க, பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பெரிய ஓட்டை போட்டிருப்பார்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வராமல் தடுப்பது ரப்பர் பெல்லோஸ், மடிப்பு மடிப்பாக இருக்கும் குழாய் உறை. சுழலும் தண்டின் யூ ஜாயின்டுக்கு ஒன்று, கியர் கேபிளுக்கு ஒன்று, பல மாடல்களில் புகை போக இன்னொன்று. புகைக்கானது கிழிந்தால் சத்தம்தான் கூடும். மற்ற இரண்டில் எது கிழிந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். டிரெய்லர் படகில் அப்படி ஆனால் அன்றைக்கு பில்ஜில் (படகின் அடித்தளப் பள்ளத்தில்) தண்ணீர் நிற்கும், வீட்டுக்கு வந்து பிளக்கைத் திறந்தால் வடிந்துவிடும். ஸ்லிப்பில் இருக்கும் படகில் அது நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள்.

டிரைவைத் தூக்கியே வைத்தால் ரப்பர் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நசுங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். இறக்கி வைத்தால் டிரைவ் மொத்தமும் உப்பு நீரில். முழுக்கத் தூக்கினாலும் மேல் பாகம் தண்ணீருக்குள்தான் இருக்கும். கட்டிப்போடும்போது இறக்கியே வையுங்கள், ரப்பராவது பிழைக்கும் என்றுதான் நான் சொல்வது.

அண்மையில் ஒரு படகு வந்தது. திருப்பும்போது மட்டும் பின்னால் உறுமல் கேட்கிறது என்றார் உரிமையாளர். டிரைவைக் கழற்றி பெல்லோஸைக் கையில் எடுத்தேன். வெளிப்புறம் புதிதாகவே இருந்தது. மடிப்பை இரண்டு கட்டைவிரலாலும் பிரித்துப் பார்த்தால், பள்ளத்துக்குள் அரிசியளவு பார்னக்கிள்கள் (கடலில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரிகள்) வரிசையாக ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்றின் கூரான ஓடு, டிரைவ் ஏறி இறங்கும்போதெல்லாம் எதிர் மடிப்பில் உரசி, நகம் நுழைகிற அளவுக்கு அறுத்திருந்தது. உள்ளே, டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கின் கிரீஸ் பால் நிறத்துக்கு மாறியிருந்தது. விரலால் சுற்றினால் நறநறவென்றது. அந்தப் படகு மூழ்காமல் இருந்ததற்குக் காரணம் பில்ஜ் பம்ப், அந்த பம்புக்கு உயிர் கொடுத்த கரைக் கரண்ட்.

பம்ப் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 25 மி.மீ. குறுக்களவில் ஓர் ஓட்டை இருந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். மணிக்கு 2,400 லிட்டர், அதாவது இரண்டேகால் டன்னுக்கு மேல். பம்பின் மேல் எழுதியிருக்கும் அளவு, குழாய் வளையாமல் மேலே ஏறாமல் முழு வோல்டேஜில் ஓடினால் கிடைப்பது. படகில் பொருத்திய பிறகு அவ்வளவு வராது. ஓட்டையே வேண்டாம், மழை போதும். உங்கள் படகின் திறந்த பரப்பு பத்து சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கவர் கிழிந்து கிடக்கும் ராத்திரியில் 100 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர், ஒரு டன். ஏதோ காரணத்தால் மேடையில் பிரேக்கர் விழுந்திருந்தால் பேட்டரியை நம்பித்தான் பம்ப் ஓட வேண்டும். பேட்டரி இறங்கினால் பின்பக்கம் தாழும். தாழ்ந்ததும், வழக்கமாகத் தண்ணீருக்கு மேலே இருக்கும் துளைகள் எல்லாம் கீழே போகும். அதற்குப் பிறகு கிரேன்தான்.

அடுத்தது அரிமானம். டிரைவ் அலுமினியம், புரொப்பெல்லர் பல நேரம் ஸ்டெயின்லெஸ், பக்கத்துப் படகில் வெண்கலம். உப்பு நீர் அருமையான எலக்ட்ரோலைட். கரைக் கரண்டைச் செருகியதும் எர்த் வயர் வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் ஒரே சர்க்யூட். அவர் அனோடை (டிரைவுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று மாட்டும் உலோகக் கட்டியை) மாற்றாமல் விட்டிருந்தால் உங்கள் அனோடு அவர் உலோகத்துக்கும் சேர்த்துக் கரையும். எர்த் வயரில் ஒரு கால்வானிக் ஐசோலேட்டர் போட்டுவிட்டால் இந்தச் சின்ன டிசி கரண்ட் நிற்கும். அனோடு உப்பு நீருக்கு ஜிங்க் அல்லது அலுமினியம். உப்பு கூடிக் குறையும் கழிமுகத்தில் நான் அலுமினியம்தான் போடுவேன். மெக்னீசியம் நன்னீருக்கு மட்டும். பாதி கரைந்ததுமே மாற்றுங்கள், முழுக்கக் கரையட்டும் என்று காத்திருந்தால் அடுத்து கரைவது டிரைவ்.

குடும்பத்தோடு போவோம் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் இணைப்பு உள்ள மேடைப் பக்கம் யாரையும் நீந்த விடாதீர்கள். ஏதாவது ஒரு படகில் ஏசி கசிந்தால் தண்ணீரில் இருப்பவருக்குக் கை கால் விறைத்துவிடும், பார்ப்பவர்களுக்கு வெறும் மூழ்கலாகத்தான் தெரியும். நன்னீரில் ஆபத்து இன்னும் அதிகம். பெருமழைக்குப் பிறகு கழிமுகத்து மேல்நீரும் கிட்டத்தட்ட நன்னீர்தான்.

அடிப்பகுதி பெயின்ட் பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாக விடுகிறேன். தண்ணீரிலேயே கிடந்தால் பாசி, பார்னக்கிளுக்கு எதிரான பெயின்ட் கட்டாயம். செம்பு கலந்தது என்றால் டிரைவைச் சுற்றி 4 செ.மீ.யாவது இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். டிரைவின் மேலேயே அதை அடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அலுமினியத்தின் மேல் செம்பு, அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இனி உங்கள் 2,000 கிலோவுக்கு வருவோம். 1,450 என்பது காலிப் படகு. பெட்ரோல் 150 லிட்டர் பிடித்தால் ஏறக்குறைய 110 கிலோ. நங்கூரம், சங்கிலி, பேட்டரி, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி, அடுத்த தடவை இறக்கிக்கொள்ளலாம் என்று படகிலேயே கிடக்கும் சாமான் எல்லாம் சேர்ந்து 100 கிலோ. இரட்டை அச்சு டிரெய்லர் 450 கிலோவாவது இருக்கும். கூட்டினால் 2,110. இதில் வண்டிக்குள் ஏறும் உங்கள் குடும்பத்தைச் சேர்க்கவில்லை. சாமானோடு எடைமேடையில் ஏற்றிப் பார்க்காமல் டிரெய்லர் முடிவுக்கு வராதீர்கள்.

புதுப்படகு:

விரிவான பதிலுக்கு நன்றி சார். எடைக் கணக்கைப் பார்த்ததும் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். வண்டியை மாற்றுகிற யோசனை வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, 2,700 கிலோ இழுக்கும் மாடல் ஒன்று மனதில் இருக்கிறது. அதனால் டிரெய்லர் வழியை மூடிவிட வேண்டாம்.

எனக்கு இன்னொரு பயம். ராம்ப்பில் இறக்க இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள். மனைவிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கவோ படகைப் பிடிக்கவோ பழக்கமில்லை. சாயங்காலம் தனியாகத்தான் போவேன். இந்த அளவு படகைத் தனி ஆளாக இறக்கி ஏற்ற முடியுமா? உப்பு நீரில் டிரெய்லரை முக்கி முக்கி எடுத்தால் அது எவ்வளவு நாள் தாங்கும்?

ஒற்றைத்துடுப்பு:

முடியும். நான் 19 அடிப் படகைத் தனியாகத்தான் இறக்குகிறேன், ஏற்றுகிறேன். உயரம் ஐந்தடி, ஜிம் பக்கம் போனதில்லை. பலத்தைவிட வரிசைதான் முக்கியம்.

ராம்ப்பில் ஏறுவதற்கு முன்பே, ஒதுக்குப்புறமாக நிறுத்தி எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். கவர் கழற்றல், சாமான் ஏற்றல், பின்பக்கப் பட்டைகளை அவிழ்த்தல், டிரெய்லர் லைட் பிளக்கைப் பிடுங்கல். டிரெயின் பிளக்கை எஞ்சின் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். பிளக்கைப் போடாமல் சாவி கைக்கு வராது. வின்ச் (படகை டிரெய்லருக்கு இழுக்கும் சுற்று உருளை) பட்டையையும் சங்கிலியையும் மட்டும் படகு தண்ணீருக்குள் போகும் வரை கழற்றக் கூடாது. சரிவில் நிற்கும்போதே கழற்றினால் படகு உருண்டு கான்கிரீட்டில் இறங்கும்.

முன்பக்கத்திலிருந்து ஒரு நீளக் கயிற்றை எடுத்து வின்ச் தூணில் கட்டிக்கொள்ளுங்கள். டிரெய்லரின் மட்கார்டு மட்டத்துக்குத் தண்ணீர் வரும் வரை பின்னால் எடுங்கள். ஹேண்ட் பிரேக், வண்டிச் சக்கரத்துக்குக் கட்டை. வின்ச் பட்டையைக் கழற்றிக் கொஞ்சம் தள்ளினால் படகு தானே மிதந்து பின்னால் போகும், கயிறு போகாமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்து மேடையில் கட்டிவிட்டு வண்டியை எடுத்துப் போகலாம். ஏற்றும்போது எல்லோரும் செய்வது ஆழமாக இறக்குவது. அப்படி இறக்கினால் படகு தாங்கு பலகையில் உட்காராமல் மிதந்தபடி ஒரு பக்கம் போகும், மேலே இழுத்த பிறகுதான் கோணல் தெரியும். தாங்கு பலகையின் மேல் பாகம் நனைந்து, முன்முனை மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிகிற அளவு போதும். மீதியை வின்ச் பார்த்துக்கொள்ளும். எஞ்சினை முடுக்கி ஏற்றாதீர்கள். புரொப்பெல்லர் நீரோட்டம் ராம்ப்பின் முனையில் மண்ணை அரித்துக் குழி பறிக்கும், அதில் யாருடைய டிரெய்லர் சக்கரமாவது விழும்.

எனக்குச் சிரமமாக இருப்பது ஒன்றே ஒன்று, பக்கக் காற்று. பலமாக அடித்தால் தனியாக இறக்குவதில்லை, காத்திருப்பேன், இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவரைக் கயிறு பிடிக்கச் சொல்வேன். படகுக்காரர்கள் இதற்கெல்லாம் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

வண்டியைப் பின்னால் எடுப்பதற்குக் காலி மைதானம்தான் பள்ளிக்கூடம். ஸ்டீரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். உங்கள் டிரெய்லர் நீளமானது, அதனால் பயப்பட வேண்டாம். சின்ன டிரெய்லர்தான் சட்டென்று மடங்கி வம்பு பண்ணும்.

உப்பு நீர் விஷயத்தில் முதல் எதிரி பேரிங். முக்கால் மணி நேரம் ஓடி வந்த ஹப் (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பின்பக்க சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நான் வந்ததும் முதலில் நாலு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். மற்ற வேலைகளை முடிப்பதற்குள் ஆறிவிடும். நாலில் ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்தப் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி போட்டால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்று தண்ணீர் வராமல் காக்கும். நல்லதுதானே என்று கிரீஸ் கன்னை அமுக்கிக்கொண்டே போனால் பின் சீல் பிதுங்கிவிடும்.

பிரேக் அடுத்த எதிரி. டிரம் பிரேக் என்றால் நன்னீரில் கழுவ ஒரு குழாய் இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். ராம்ப்பிலேயே குழாய் இருந்தால் அங்கேயே அடித்துவிடுங்கள், வீட்டுக்குப் போகும் வரை உப்பைக் காயவிடாதீர்கள்.

டயரை மறந்துவிடுவார்கள். படகு டிரெய்லரில் டயர் தேய்ந்து சாவதில்லை, வயசாகிச் சாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரித்தது. விற்பவர் டயர் புதுசு மாதிரி இருக்கிறது என்பார், நீங்கள் அந்த எண்ணைப் படியுங்கள்.

கொக்கியில் விழும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் முன்னால் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். 2,110 கிலோவுக்கு 105 முதல் 210 கிலோ. உங்கள் வண்டியின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பது தனியாகப் போட்டிருக்கும், இழுக்கும் திறனோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுக்குமாடி:

மூன்றாவது வழியை யாரும் சொல்லவில்லையே. உலர் அடுக்கு வசதி உள்ள மரீனாக்கள் இருக்கின்றன. ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கி அலமாரி மாதிரி தட்டில் வைப்பார்கள். நீங்கள் போன் பண்ணினால் இறக்கித் தண்ணீரில் வைத்திருப்பார்கள், திரும்பி வந்ததும் மேடையில் கட்டிவிட்டுப் போகலாம். பெயின்ட் வேண்டாம், பார்னக்கிள் இல்லை, டிரைவ் காய்ந்திருக்கும், மழை நனைக்காது. 21 அடி ஸ்டெர்ன்டிரைவுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. எங்கள் படகு அப்படித்தான் இருக்கிறது.

மாலைக்காற்று:

அடுக்கு நல்லதுதான், ஒத்துக்கறேன். ஆனா ஃபோர்க்லிஃப்ட் ஆள் வீட்டுக்குப் போயிட்டா உங்க படகு மேல மூணாவது தட்டுல உக்காந்துக்கும். அண்ணன் கேக்கறது சாயங்கால ஓட்டம். கடைசி எறக்கம் எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. காத்து பலமா அடிச்சா எறக்க மாட்டாங்க, அதையும் கேளுங்க. தட்டுல இருக்கும்போது நீங்களா ஏறி வேலை பாக்கவும் விட மாட்டாங்க.

ஸ்டெர்ன்டிரைவ்னு நான் கவனிக்காமத்தான் சொல்லிட்டேன். கிரீஸ்கை அண்ணன் சொன்னது சரி.

கிரீஸ்கை:

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மூன்று நான்கு வாரம். தண்ணீரில் கிடக்கும் படகு நீங்கள் இல்லாத நாளிலும் வேலை வைக்கும். வாரம் ஒரு தடவை யாராவது போய்ப் பார்க்க வேண்டும்: பில்ஜில் தண்ணீர் எவ்வளவு, மிதவை சுவிட்சைக் கையால் தூக்கினால் பம்ப் ஓடுகிறதா, சார்ஜர் விளக்கு எரிகிறதா, கயிறு உரசும் இடத்தில் நைந்திருக்கிறதா. பத்து நிமிட வேலை. அதைச் செய்ய நம்பிக்கையான ஓர் ஆள் இருந்தால்தான் ஸ்லிப்பைப் பற்றிப் பேசலாம். மரீனா பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அவர்கள் தருவது இடம் மட்டும், படகுக்குப் பொறுப்பு நீங்கள்தான். காப்பீட்டுக்காரர்களும் படகு எங்கே இருக்கும் என்பதைப் பார்த்துத்தான் தொகை போடுவார்கள், தேய்மானத்தால் மூழ்கினால் தர மாட்டோம் என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கும். கையெழுத்துக்கு முன்னால் தேடிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் படகுக்கு இந்த இடத்தில் டிரெய்லர். வண்டி மாறுகிற வரை உலர் அடுக்கு கிடைத்தால் அது. சாயங்கால ஓட்டம்தான் உயிர் என்றால் வேறு படகு பாருங்கள், அவுட்போர்டு வைத்தது, அதற்கு ஸ்லிப் எடுங்கள். மனம் ஒப்பாது, பார்த்துப் பிடித்துப்போன படகு. ஆனாலும் நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை.

வருட ஒப்பந்தத்துக்குப் பதிலாக பருவத்துக்கு மட்டும் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். நல்ல காலநிலை உள்ள மாதங்களில் தண்ணீரில், மீதி நாள் டிரெய்லரில் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் கரையும் வகைப் பெயின்ட் அடியுங்கள். கடினமான வகைகளில் பல, காற்றில் நீண்ட நாள் காய்ந்தால் வேலை செய்யாமல் போய்விடும், திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். கரையும் வகையில் அந்தத் தொல்லை குறைவு, தாங்கு பலகை உரசும் இடத்தில் மட்டும் தேயும். வெதுவெதுப்பான உப்பு நீரில் ஒரு வாரத்துக்குள் பாசி பிடிக்க ஆரம்பிக்கும், அதனால் நாலு நாள்தானே என்று பெயின்ட் இல்லாமல் விட்டு அதை நாற்பது நாளாக்காதீர்கள்.

இன்னொன்று. ஸ்லிப்பில் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவை ஓட்டியதும் நன்னீரால் உள்ளே கழுவ வேண்டும். டிரெய்லரில் இருந்தால் காது மாதிரி மாட்டும் குழாயை டிரைவில் வைத்துக் கழுவிவிடலாம். தண்ணீரில் இருக்கும்போது அதை மாட்ட முடியாது, எஞ்சின் அறையில் தனி இணைப்பு வேண்டும். இந்தப் படகில் அது இருக்கிறதா, கூலிங் மூடிய வகையா, கடல்நீர் நேராக பிளாக்குக்குள் போகும் வகையா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். நேராகப் போகும் வகை என்றால், இதுவரை எந்தத் தண்ணீரில் ஓடியது என்பதை விலை பேசுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்க்கப் போகும்போது படகு டிரெய்லரில்தான் இருக்கும் என்றால் வசதி. டிரைவை முழுக்கத் தூக்கச் சொல்லுங்கள், டார்ச்சோடு அடியில் உட்காருங்கள், பெல்லோஸ் மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் பிரித்துப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது பல மெக்கானிக்குகளின் பழக்கம், உப்பு நீரில் நான் அதற்கும் முன்பே மாற்றுவேன். பில் இல்லை, ஞாபகமில்லை என்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கிம்பல் பேரிங்கையும் சேர்த்துக் கழிக்கலாம், டிரைவைக் கழற்றின கையோடு அதையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எடைமேடைக்குப் போய் வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள், கொக்கிக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.